இரண்டு கைரேகைக்கு நடுவே

ஊரே கொண்டாடுகிற ஒரு நல்ல காரியத்தில் ஒருவர் மட்டும் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தால் அவரை என்னவென்று சொல்வார்கள்? வயிற்றெரிச்சல் பிடித்த மனுஷன் என்பார்கள். ஃபிரிட்ஜ் மெக்கானிக்கையும் அப்படித்தான் சொன்னார்கள். இருப்பவன், இல்லாதவன், வேலைக்குப் போகிறவன், போகாதவன் என்கிற பேதமே கிடையாது, எல்லோருக்கும் மருத்துவக் காப்பீடு என்று அரசாங்கம் அறிவித்த அன்று, டீக்கடை டிவிக்கு முன்னால் நின்ற கூட்டம் கைதட்டியது. பழக்கடைக்காரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மெக்கானிக் மட்டும் ஸ்க்ரூடிரைவரைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போய்விட்டார்.

அவர் கெட்டவர் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அடுத்தவன் நோயில் கிடக்கட்டும் என்று நினைக்கிற ஆளும் இல்லை. அவருக்கே இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் ஆஸ்பத்திரிக்குப் போய், ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மெஷினோடு கையைக் கட்டிக்கொண்டு படுத்தால்தான் மற்ற நாட்களில் நடமாட முடியும். டயாலிசிஸ் பண்ணிக்கொள்கிறவனுக்குக் காப்பீட்டின் அருமையை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவருடைய கவலை வேறு. புதுத் திட்டம் வந்துவிட்டால் செவ்வாய்க்கிழமைகளில் அவர் மனைவி வரமாட்டாள்.

அவர் இத்தனை காலம் பிழைத்துக் கிடந்ததே மனைவியின் காப்பீட்டில்தான். அவள் சோப்புக் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் சூப்பர்வைசர். கம்பெனி தன் தொழிலாளிக்கும், தொழிலாளியின் கணவன் அல்லது மனைவிக்கும், பிள்ளைகளுக்கும் வைத்தியச் செலவைக் கொடுத்தது. ஆனால் யாரோ ஒரு புண்ணியவான் தன் மச்சானைத் தன் பெயரில் படுக்கவைத்து ஆபரேஷன் பண்ணிவிட்டதால், அதற்குப் பிறகு ஒரு விதி வந்தது. வாரத்துக்கு ஒரு முறை தொழிலாளியே நேரில் வந்து, சிகிச்சை தொடங்கும்போது ஒரு கைரேகை, முடிந்த பிறகு ஒரு கைரேகை வைக்க வேண்டும். எவனோ செய்த திருட்டுத்தனத்துக்கு எல்லோருக்கும் தண்டனை என்று தொழிலாளிகள் கம்பெனியைத் திட்டித் தீர்த்தார்கள். மெக்கானிக் மட்டும் அந்தத் திருட்டு மச்சானை மனசுக்குள் வாழ்த்தாத வாரம் கிடையாது.

காரணம் இருந்தது. அவரும் மனைவியும் பிரிந்து பல வருடம் ஆகிவிட்டது. கோர்ட்டுக்குப் போய் வெட்டிக்கொள்ளவும் இல்லை, வீட்டுக்கு வந்து ஒட்டிக்கொள்ளவும் இல்லை. அவர் பட்டறைக்குப் பின்னாலிருந்த பழைய வீட்டிலேயே இருந்தார். அவள் கம்பெனிக்குப் பக்கத்தில் மாடியில் ஓர் அறை எடுத்துக்கொண்டாள். ஒரே மகள் வெளியூரில் வேலை பார்த்தாள்.

பிரிந்ததற்குக் குடியா, கூத்தியாளா, கை நீட்டலா? ஒரு மண்ணும் இல்லை. இந்த மனுஷனுக்கு வாயைத் திறந்து கேட்கத் தெரியாது, அவ்வளவுதான் சங்கதி. தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைப் பார்ப்பார். சட்டைக்கு இஸ்திரி போட வேண்டுமென்றால் கசங்கிய சட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு குறுக்கும் நெடுக்கும் நடப்பார். அவள் மாலை ஷிப்டுக்குப் போக ஆரம்பித்தபோது, போகாதே என்றும் சொல்லவில்லை, சீக்கிரம் வா என்றும் சொல்லவில்லை. சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவள்தான் கண்டுபிடிக்க வேண்டும். எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வருகிறவள் எத்தனை நாளைக்கு விடுகதைக்கு விடை சொல்வாள்? அழுத பிள்ளைக்குத்தான் பால் என்பார்கள். இவர் அழவும் மாட்டார், பசியையும் விடமாட்டார்.

கடைசியில் ஒரு நாள் பையை எடுத்து வாசலில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு என்னதான் வேணும், வாயைத் திறந்து சொல்லுங்க, இல்லேன்னா நான் கிளம்பறேன் என்றாள். அவர் ஒரு கம்ப்ரஸரைப் பிரித்து வைத்திருந்தார். போகாதே என்ற வார்த்தை தொண்டைவரை வந்தது. அங்கேயே நின்றது. அவள் நல்ல நேரம் நின்று பார்த்தாள். அவர் ஏற்கெனவே இறுக்கிய திருகையே மறுபடி இறுக்கிக்கொண்டிருந்தார். அவள் போய்விட்டாள்.

சிறுநீரகம் போன செய்தி மகள் மூலமாகத்தான் அவளுக்குத் தெரிந்தது. அவளே கம்பெனி அலுவலகத்துக்குப் போய் அவர் பெயரைப் பதிந்துவிட்டு வந்தாள். பிரிஞ்சது பிரிஞ்சதுதான், அதுக்காக ஆளைச் சாகவா விடுவாங்க என்று தன் அக்காவிடம் சொன்னாளாம். கம்பெனியில் கேட்டு, வார விடுமுறையைச் செவ்வாய்க்கிழமைக்கு மாற்றிக்கொண்டாள். அப்படித் தொடங்கியதுதான் அந்தச் செவ்வாய்க்கிழமைகள்.

முதல் சில மாதங்கள் அவள் வார்டுக்குள்ளேயே வரவில்லை. கவுண்டரில் ரேகை வைப்பாள். வெளியே நடையில் இருந்த பெஞ்சில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள். நாலு மணி நேரம் கழித்து இரண்டாவது ரேகையை வைத்துவிட்டுப் போவாள். மழைக்காலத்தில் அந்த நடை ஒழுகியது. ஊசி போடுகிற நர்ஸ் அவளை உள்ளே கூப்பிட்டு, அவர் படுக்கைக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டாள். மழை நின்ற பிறகும் அந்த நாற்காலி அங்கேயே இருந்தது.

சேர்ந்து குடித்தனம் நடத்திய காலத்தில் இவர்கள் இரண்டு பேரும் பேசியதைவிட, அந்த நாற்காலிக்கும் படுக்கைக்கும் நடுவில் பேசியது அதிகம். கையில் இரண்டு ஊசியோடு படுத்திருப்பவர் கோபித்துக்கொண்டு எங்கே எழுந்து போக முடியும்? கேட்டுத்தான் ஆக வேண்டும். புது மேனேஜர் சோப்பின் எடையைக் குறைத்துவிட்டு உறையைப் பெரிதாக்கிய கதையைச் சொல்வாள். மகளுக்கு ஒரு பையனைப் பிடித்திருக்கிறதென்றும், அதை அவள் இன்னும் வீட்டில் சொல்லவில்லையென்றும், இருந்தாலும் தாயான தனக்குத் தெரியுமென்றும் சொல்வாள். மின்விசிறியை வேகமாக வைப்பதா, குறைத்து வைப்பதா என்று இருவரும் சண்டை போடுவார்கள். அவர் பங்குக்கு, நாள் முழுக்க அடுத்தவர் வீட்டு ஃபிரிட்ஜைத் திறந்து மூடுகிற கஷ்டத்தைச் சொல்வார். டயாலிசிஸ்காரனுக்குத் தண்ணீர் அளவோடுதான். திறக்கிற ஒவ்வொரு ஃபிரிட்ஜிலும் வியர்த்துப்போய் நிற்கிற பாட்டில்களைப் பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். அதைச் சொன்னபோது அவள் முதலில் சிரித்துவிட்டாள். பிறகு, அவர் எதிரில் தண்ணீர் குடிப்பதையே நிறுத்திவிட்டாள்.

சில செவ்வாய்க்கிழமைகளில் அவள் நாற்காலியிலேயே தூங்கிப்போவாள். வாய் லேசாகத் திறந்திருக்கும். சோப்பு வாசனை வரும். அவர் அசையாமல் அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவரிடம் அப்போது யாராவது என்ன வேண்டுமென்று கேட்டிருந்தால், மெஷினை இன்னும் மெதுவாக ஓட்டுங்கள் என்றுதான் சொல்லியிருப்பார்.

எல்லாம் முடிந்ததும் ஊசியை உருவிவிட்டு, அந்த இடத்தில் பஞ்சை வைத்து ரத்தம் நிற்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டும். வெள்ளிக்கிழமைகளில் அவரே மறுகையால் பிடித்துக்கொள்வார். செவ்வாய்க்கிழமைகளில் அவள் பிடிப்பாள். முதன்முதலில் நர்ஸ் அவசரத்தில் அவள் கையைப் பிடித்து அங்கே வைத்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் யாரும் சொல்லாமல் அவளே வைத்தாள். மெஷினுக்காக ஆபரேஷன் செய்திருந்த அவருடைய அந்தக் கையில் நரம்புக்குள் ரத்தம் சலசலவென்று ஓடுவது தொட்டால் தெரியும். இப்படி அடிச்சிக்குதே, வலிக்காதா என்று ஒரு தடவை கேட்டாள். இல்லை என்றார். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். எங்கே சொல்கிற வாய்?

வார்டில் எல்லோருக்கும் விஷயம் தெரியும். செவ்வாய்க்கிழமை மட்டும் முகச்சவரம் செய்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு வருகிறவரைப் பார்த்து, மாப்பிள்ளை வந்தாச்சு என்று பக்கத்துப் படுக்கை டிரைவர் கிண்டல் செய்வான். செவ்வாய்க்கிழமை மட்டும் உங்களுக்குப் பிரஷர் ஒழுங்கா நிக்குது சார் என்பாள் நர்ஸ். கல்யாணம் ஆகி, பிரிந்து, தலை நரைத்த பிறகு தன் மனைவி மேலேயே ஆசை வந்த மனுஷனை என்ன செய்வது? காதலித்தார். வேறு வார்த்தை இல்லை. அது அவளுக்கும் இருக்கிறதா என்பதுதான் தெரியாது. விதி இருக்கிறது, அதனால் வருகிறாள். விதியே இல்லாவிட்டாலும் வருவாளா என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள அவருக்குத் துணிச்சல் இல்லை. விதி இருக்கும்வரை கேட்க வேண்டிய அவசியமும் இல்லை என்று சௌகரியமாக இருந்துவிட்டார்.

அப்படியிருந்த இடத்தில்தான் அரசாங்கம் எல்லோருக்கும் காப்பீடு என்று வந்து நின்றது. அவரவருக்கு அவரவர் அட்டை. மாதக் கடைசிக்குள் பதிந்துகொள்ள வேண்டும். அடுத்த மாதத்திலிருந்து கம்பெனிகள் தங்கள் காப்பீட்டை நிறுத்திவிடும்.

டயாலிசிஸ் வார்டில் அன்றைக்கு நடந்த விவாதம் சட்டசபையில்கூட நடந்திருக்காது. நோயைச் சாக்காக வைத்து ஒரு குடும்பத்தையும் இனி யாரும் கடனாளியாக்க முடியாது என்றார் ஒருவர். காசு யார் வீட்டிலிருந்து வருகிறது, நாளைக்கு வரியாகத்தானே பிடுங்குவார்கள் என்றார் இன்னொருவர். நர்ஸுக்கு வேறு கவலை. மெஷின் அதேதான், ஆள் மட்டும் இரண்டு மடங்கு வரும், இனி விடிவதற்கு முன்பே ஒரு ஷிப்ட் ஓட்டச் சொல்வார்கள், என் முதுகை யார் காப்பீடு பண்ணுவது என்று கேட்டாள். அதுவும் நியாயமாகத்தான் பட்டது. மெக்கானிக் எதிர்க்கட்சியில் சேர்ந்துகொண்டார். தும்மினால்கூட ஆஸ்பத்திரிக்கு ஓடிவருவார்கள், உண்மையான நோயாளி வாசலில் நின்று சாவான், கம்பெனிக் காப்பீடு இருந்தால்தான் மரியாதை, எல்லோருக்கும் கொடுத்தால் எவனுக்கும் ஒழுங்காகக் கிடைக்காது என்று அடுக்கினார். வாயே திறக்காத மனுஷன் இவ்வளவு பேசுகிறாரே என்று வார்டே திரும்பிப் பார்த்தது.

டிரைவர் மட்டும் சிரித்தான். அவனுக்குக் கம்பெனி கிடையாது, அவன் மனைவிக்கும் கிடையாது. சொந்தமாக இருந்த லாரியை விற்று மெஷினுக்குக் கொடுத்தாயிற்று. வாரத்துக்கு இரண்டு முறை வர வேண்டியவன் ஒரு முறைதான் வந்துகொண்டிருந்தான். மூச்சு வாங்கும். கால் வீங்கி, செருப்பு நுழையாமல் கையில் எடுத்துக்கொண்டு வருவான்.

"வரிசையில நிக்கிறது கஷ்டம்தாண்ணே" என்றான். "ஆனா எங்களை வரிசையிலயே நிக்க விடலையே, இத்தனை நாளா?"

மெக்கானிக்கின் காதுமடல் சூடாகிவிட்டது. முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். இவன் வாரத்துக்கு இரண்டு முறை வரட்டும், நன்றாக இருக்கட்டும் என்று மனசார நினைத்தார். அதே மனசு, எனக்கு மட்டும் பழசே இருந்துவிட்டுப் போகட்டுமே என்றும் நினைத்தது. இரண்டும் பொய் இல்லை.

அந்த நேரம் பார்த்து டீக்கடையில் ஒரு புரளி கிளம்பியது. புதுசில் பதியாதவர்களுக்குப் பழைய காப்பீடே தொடருமாம், அவர்களை நடுத்தெருவில் விட முடியாதாம், சட்டமே அப்படித்தானாம். யார் சொன்னது, எங்கே கேட்டது, ஒன்றும் கிடையாது. முழுகுகிறவனுக்கு அது போதாதா? மெக்கானிக் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். பதிவு மையம் அவர் பட்டறையிலிருந்து கூப்பிடு தூரம். தெருவே போய்ப் பதிந்துவிட்டு வந்தது. பழக்கடைக்காரி தன் மாமியாரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போய்ப் பதிந்தாள். இவர் மட்டும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை அவள் வந்தாள். எப்போதும்போல ரேகை வைத்தாள், உட்கார்ந்தாள். அன்றைக்கு இருவருக்கும் பேச்சே ஓடவில்லை. மேனேஜரும் இல்லை, மகளும் இல்லை, மின்விசிறிச் சண்டையும் இல்லை. ஊசியை எடுத்த பிறகு பஞ்சை அழுத்திக்கொண்டே, பார்வையைப் பஞ்சின் மேலேயே வைத்துக்கொண்டு கேட்டாள்.

"பதிஞ்சிட்டீங்கல்ல?"

"ம்."

"அப்போ அடுத்த வாரத்துலேருந்து நான் வர வேண்டியதில்ல."

அது கேள்வியா, முடிவா என்று அவருக்குப் புரியவில்லை. ரத்தம் எப்போதோ நின்றுவிட்டிருந்தது. அவள் இன்னும் பஞ்சை எடுக்கவில்லை. இப்போதாவது சொல்லடா மடையா என்று உள்ளேயிருந்து யாரோ கத்தினார்கள்.

"வேண்டியதில்ல" என்றார்.

அவள் பஞ்சை எடுத்துக் கூடையில் போட்டாள். கவுண்டரில் இரண்டாவது ரேகையை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். பாவி மனுஷன், அவள் போன பிறகும் அந்த இடத்தைத் தன் மறுகையால் பிடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை அவர் சவரம் செய்துகொண்டு, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு போனார். பழைய காப்பீடு ஓடினால் கவுண்டரில் ரேகை கேட்பார்கள், ரேகை கேட்டால் அவளைக் கூப்பிடுவார்கள், கூப்பிட்டால் அவள் வருவாள். இதுதான் அவர் கணக்கு. ஆஸ்பத்திரி அடையாளம் தெரியாமல் மாறியிருந்தது. வரிசை வாசலைத் தாண்டித் தெருவரைக்கும் நின்றது. அவர் முறை வந்தபோது கவுண்டர் பெண் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கம்பெனிக் காப்பீடு போன வாரத்தோடு முடிந்துவிட்டது, புதுசில் உங்கள் பெயர் இல்லையே, பக்கத்து அறையில் பதிந்துவிட்டு வாருங்கள், அரை மணி நேர வேலைதான் என்றாள்.

அரை மணி நேர வேலைதான். சரி, பதிந்துவிட்டு வருகிறேன் என்று வெளியே வந்தவர், பதிவு அறையைத் தாண்டி, மருந்துக் கவுண்டரைத் தாண்டி, வாசலைத் தாண்டி, நேராக வீட்டுக்குப் போய்விட்டார். சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. அவளுக்குத் தெரியவரும், அவள் வருவாள் என்று நினைத்தார். அந்தக் காலத்தில் சாப்பிடாமல் படுத்துக்கொள்வாரே, அதேதான். பட்டினிக்குப் பதிலாக மெஷின், அவ்வளவுதான் வித்தியாசம். நாய் வாலை நிமிர்த்த முடியுமா?

வெள்ளிக்கிழமையும் அவர் போகவில்லை. அதற்குள் கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டியது. தலையணைகளை அடுக்கி, சாய்ந்து உட்கார்ந்தபடியே இருந்தார். நாக்கு வறண்டு, ஃபிரிட்ஜ் பாட்டில்களாகவே நினைப்பில் வந்தன. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போதெல்லாம் தலை நிமிர்ந்தது. பால்காரர், பக்கத்து வீட்டுக்காரர், யாரோ ஃபிரிட்ஜ் தயாராகிவிட்டதா என்று கேட்க வந்தவர்.

சனிக்கிழமை காலையில் அவள் வந்தாள். ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டரில் அவர் பெயருக்கு நேராக இன்னும் அவள் நம்பர்தான் இருந்தது. உங்க வீட்டுக்காரர் ரெண்டு தடவையா வரலையே அக்கா என்று நர்ஸ் போன் பண்ணியிருக்கிறாள். கம்பெனிச் சீருடையோடு அப்படியே ஓடிவந்திருந்தாள். அத்தனை வருடம் கழித்து அந்த வாசலில் அவளைப் பார்த்ததும் அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்தாள். வீங்கிய காலையும் பார்த்தாள். அவளுக்கு எல்லாம் புரிந்துவிட்டது. ஒரு வார்த்தை திட்டவில்லை. வாடகை வண்டியைக் கூப்பிட்டு, வண்டிக்காரரோடு சேர்ந்து அவரைத் தூக்கி ஏற்றினாள். வழியெல்லாம் அவர் முதுகைத் தேய்த்துவிட்டுக்கொண்டே வந்தாள்.

அவசரப் பிரிவில் யாரும் அட்டை கேட்கவில்லை. முதலில் உயிர், பிறகு அட்டை என்று நேரே மெஷினில் போட்டார்கள். போன மாதம்வரை முதலில் பணத்தைக் கட்டச் சொல்லியிருப்பார்கள். மூச்சு மெல்ல மெல்லச் சீரானது. ஒரு பதிவுக்காரர் கையடக்க மெஷினோடு படுக்கைக்கே வந்து, மெக்கானிக்கின் விரலைப் பிடித்து அழுத்தினார். பச்சை விளக்கு எரிந்தது. ஆயிற்று என்றார்.

மெக்கானிக்கின் குரல் இன்னும் சரியாக வரவில்லை. ஆனாலும் கேட்டார், கூட இருக்கிறவங்க ரேகை வேண்டாமா என்று.

"எதுக்கு சார்? உங்க விரல் போதும், ஆயுசுக்கும்."

பதிவுக்காரர் போன பிறகுதான் அவள் வாயைத் திறந்தாள். சத்தம் போடவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினாள்.

"பதிஞ்சிட்டேன்னு பொய் சொன்னீங்க."

"ம்."

"எதுக்கு?"

அவர் மெஷினின் குழாயில் ரத்தம் சுற்றிவருவதைப் பார்த்தார். அவள் எழுந்துவிட்டாள். பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"மறுபடியும் என்னைக் கண்டுபிடிக்கச் சொல்றீங்களா? அன்னைக்கு வாசல்ல நின்னப்பவும் இப்படித்தான். இன்னைக்கு செத்துக்கூடப் போயிருப்பீங்க. அப்பவும் எதுக்குன்னு நானே உக்காந்து யோசிச்சிட்டிருந்திருப்பேன்."

அவள் ஒரு அடி எடுத்து வைத்தாள். அவருக்கு இறுக்குவதற்குத் திருகு எதுவும் கையில் இல்லை. ஊசி குத்தாத கையை நீட்டினார்.

"போகாதே" என்றார்.

அவ்வளவு சின்ன வார்த்தை. சொல்லிவிட்டு அவருக்கே ஆச்சரியமாக இருந்தது. அதற்கு மேல் தடையில்லாமல் வந்தது. "அட்டை வந்தா நீ வரமாட்டேன்னுதான் பதியல. எனக்கு மெஷின் பெரிசில்ல. செவ்வாய்க்கிழமை நீ வரணும். ரேகைக்காக இல்ல. சும்மா வரணும். வருவியா?"

அவள் நின்றாள். திரும்பி வந்து நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள். கண்ணில் தண்ணீர் நின்றது. அதைத் துடைக்கவும் இல்லை, மறைக்கவும் இல்லை. அவர் நெஞ்சுக்குள் பண்டிகை தொடங்கிவிட்டது. அவசரக்காரர்.

"வரமாட்டேங்க" என்றாள்.

அவர் அவளையே பார்த்தார்.

அவள் நிதானமாகச் சொன்னாள். இத்தனை வருடமாக அவளுடைய ஒவ்வொரு விடுமுறையும் இந்த நாற்காலியில் கழிந்திருக்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமைதான் வருவாள். அவள் வரும் நேரம் இவள் ஷிப்டில் நிற்பாள். பூட்டிய அறையைத் திறந்து, தனியாகச் சாப்பிட்டுவிட்டு, மகள் திரும்பிப் போயிருப்பாள். அந்தப் பையனைப் பற்றி அவள் வாய்விட்டுச் சொல்லாததற்குக் காரணமே அதுதான், சொல்ல ஆள் இருந்தால்தானே? புதுத் திட்டம் வந்ததும் இவள் செய்த முதல் காரியம், ஞாயிறு விடுமுறை கேட்டு வாங்கியது. நாளைதான் முதல் ஞாயிறு.

அவருக்குக் கன்னத்தில் அறைந்தது போலிருந்தது. திட்டம் வந்தால் யாருக்கு என்ன கிடைக்கும், யாருக்கு என்ன போகும் என்று வார்டு முழுக்கப் பேசியாயிற்று. அவளுக்கு என்ன கிடைக்கும் என்று ஒரு நிமிடம்கூட அவர் யோசித்ததில்லை. தான் வரம் என்று நினைத்துக்கொண்டிருந்த ஒவ்வொரு செவ்வாயும் அவள் கையிலிருந்து பிடுங்கிய ஒரு ஞாயிறு என்று அவருக்கு இப்போதுதான் உறைத்தது.

"உனக்கு... இங்க வர்றது பிடிக்கலையா?"

"பிடிக்கலைன்னு யாரு சொன்னா?" என்றாள். "வந்தே ஆகணும்னு வந்தது எத்தனை நாள், வரணும்னு தோணி வந்தது எத்தனை நாள்னு எனக்கே பிரிச்சுப் பார்க்கத் தெரியல. வராம இருந்து பார்த்தாத்தான் தெரியும். இவ்வளவு நாளா வராம இருக்க வழியில்லையே."

ஒரு முறை திறந்த வாய் மறுபடி மூடிக்கொள்ள மறுத்தது.

"அப்போ நான் வரட்டுமா? உன் வீட்டுக்கு? ஞாயித்துக்கிழமையில?"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அழுகையோடு சேர்ந்து வந்ததால் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். "இப்பதான் கேக்கவே ஆரம்பிச்சிருக்கீங்க" என்றாள். "அதுக்குள்ள பதில் வேணுமா? இன்னும் கொஞ்ச நாள் கேளுங்க."

மெஷின் நின்றது. அன்றைக்குப் பஞ்சை அவரே பிடித்துக்கொண்டார். அவள் வீடுவரை கொண்டுவந்து விட்டுவிட்டு, கேட்டைச் சாத்திக்கொண்டு போனாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் பட்டறையில் உட்கார்ந்து, அங்கே தாயும் மகளும் என்ன பேசுவார்கள், அந்தப் பையனின் பேச்சு வருமா, தன் பேச்சு வருமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். ஒரு வேலையும் ஓடவில்லை.

செவ்வாய்க்கிழமை வரிசையில் நின்று, தன் விரலைத் தானே வைத்து, உள்ளே போய்ப் படுத்தார். டிரைவர் அந்த வாரத்துக்கு இரண்டு முறைக்கும் பெயர் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். காலில் செருப்புப் போட்டிருந்தான். அது அவருக்குச் சந்தோஷமாக இருந்தது, உண்மையாகவே இருந்தது. பக்கத்து நாற்காலியை யாரோ புதிய நோயாளியின் அண்ணன் கேட்டு எடுத்துக்கொண்டு போனார். அந்த இடத்தில் வெறும் தரை தெரிந்தது. சோப்பு வாசனை இல்லாத வார்டில் மருந்து நெடிதான் அடித்தது.

அவள் இந்நேரம் கம்பெனியில் பேக்கிங் மெஷின் பக்கம் நிற்பாள், போனை எடுக்கமாட்டாள் என்று தெரியும். சாப்பாட்டு மணி அடித்தால் எடுப்பாள். அவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். மணி அடிக்கிற நேரம் வந்ததும், ஊசி இல்லாத கையால் தடுமாறி நம்பரை அழுத்தினார். நெடுநேரம் மணி போயிற்று. வைத்துவிடலாமா என்று நினைத்தபோது அந்தப் பக்கம் எடுத்தாள். பின்னால் தட்டுகளின் சத்தமும் பெண்களின் பேச்சும் கேட்டன. அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை.

அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு, சத்தம் இல்லாத ஓர் இடத்துக்கு நகர்ந்துபோனது கேட்டது.

"ம்" என்றாள், "கேளுங்க."